நாலாவது ஆள் கிடைத்த விதம்

இந்த வருஷம் எங்கள் வீட்டுக் கீரை ஊறுகாயில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். டிசம்பரில் குளிர் பிந்தியதால் வந்த கோளாறு அது, கை தவறியதில்லை. மற்றபடி இந்த விடுதியில் நடந்த எதுவும் தற்செயல் இல்லை. எல்லாவற்றையும் யோசித்து, நிதானமாக, நல்ல மனதோடுதான் செய்தேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், மினெகிஷி சான். கேட்காமல் இருந்திருந்தால் நானாக வாயைத் திறந்திருக்க மாட்டேன். செய்த உபகாரத்தைச் சொல்லிக்காட்டுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

சற்றுமுன் நீங்கள், "நான் சும்மா பனிச்சறுக்க வந்தவன் இல்லீங்க, பயணக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பி வந்தவன். இங்க தங்கினவங்களுக்கெல்லாம் என்னதாம்மா நடந்துச்சு?" என்று கேட்டீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. என்றைக்காவது ஒருவர் வந்து கேட்பார் என்று எதிர்பார்த்ததுதான். வருகிறவர் இவ்வளவு மரியாதையான பிள்ளையாக இருப்பார் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

எல்லாம் ஃபுமியே ஊரைவிட்டுப் போனதில் தொடங்கியது.

இந்த ஷிராசாவாவில் பனிக்காலம் எப்படிப்பட்டது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். இளசுகள் வருகிறார்கள், இரண்டு நாள் சறுக்குகிறார்கள், போய்விடுகிறார்கள். எங்களுக்கு மிஞ்சுவது அவர்களுடைய ஈரக் காலுறை நாற்றமும், ஜன்னலை மூடிக்கொண்டு ஏறும் பனியும்தான். அந்த நாட்களைத் தள்ள எங்களுக்கு இருந்த ஒரே துணை மாஜோங். எங்கள் ஊர் டாக்டர் குரோஇவா ஒருவர். லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது என் விடுதியில் எடுபிடி வேலை பார்க்கும் இசாமு ஒருவர். தெருமுனையில் நூடுல்ஸ் கடை வைத்திருந்த ஃபுமியே ஒருத்தி. அப்புறம் நான். நாலு பேர், நாலு திசை. இதோ நாம் இப்போது கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் இதே கொதாத்சு மேசைதான். அடியில் கணப்பு, சுற்றிலும் மெத்தை, மேலே காய்கள். ஜெயித்தால் கமலாப் பழம். தோற்றாலும் கமலாப் பழம், உரிக்கிற வேலை மட்டும் தோற்றவருக்கு. பத்தொன்பது பனிக்காலம் அப்படிக் கழிந்தது. என் கணவருக்கு மாஜோங் பிடிக்காது. அதனால் அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

போன நவம்பரில் ஃபுமியே வந்து நின்றாள். "மியாசாகியில மக வீட்டோட போயிடலாம்னு இருக்கேன், கினுயோ. அங்க எந்நேரமும் வெயில் அடிக்குதாம்" என்றாள்.

"இங்கயும் மே மாசம் அடிக்குமே" என்றேன்.

"மே மாசம் வரைக்கும் என்னால உக்கார முடியாது. சத்தியமா முடியாது."

மூட்டுவலி போலிருக்கிறது, பாவம். கண்ணில் நீர் தளும்பியது அவளுக்கு. மறுநாள் காலைப் பேருந்திலேயே போய்விட்டாள்.

மூன்று பேர் ஆடும் ஆட்டமும் உண்டு. மூன்று கால் கட்டிலிலும் படுக்கலாம், தூக்கம்தான் வராது. தபால்காரரைப் பிடித்து உட்காரவைத்துப் பார்த்தோம். முதல் ஆட்டம் பாதி நடக்கும்போதே எழுந்து, "அவசரத் தந்தி ஒண்ணு வந்து கெடக்கும்போல இருக்கு" என்று சொல்லி ஓடினார். எங்கள் ஊருக்குத் தந்தி வந்து முப்பது வருஷம் ஆகிறது. கடமையுணர்ச்சி உள்ள மனிதர். அதன் பிறகு எங்கள் தெருவுக்கு வரும் தபாலைக்கூடப் பக்கத்துத் தெருவிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்.

டிசம்பர் முழுக்க நாங்கள் மூவரும் இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காலியாகக் கிடந்த மேற்குத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு விடுதி நடத்துகிறவளுக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

அப்போதுதான் சகாகிபாரா விழுந்தார்.

எங்கள் கொல்லைச் சரிவு உங்களுக்குத் தெரியும். மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டே வந்து நேராக என் பின்வாசலில் நிற்கலாம். நடுவில் தேவதாரு மரம் நிற்கிறது. வருகிறவர்கள் அதற்கு வலப்பக்கமாகவும் வரலாம், இடப்பக்கமாகவும் வரலாம். ஜனவரித் தொடக்கத்தில் ஒருநாள், குளியல் தொட்டி கழுவிய தண்ணீரைச் சாக்கடைவரை சுமக்கச் சோம்பல்பட்டு, மரத்துக்கு இடப்பக்கம் வீசிவிட்டேன். வெறும் சோம்பல். அன்று சாயங்காலம் சகாகிபாரா இடப்பக்கமாக வந்தார். நகோயாக்காரர், பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கிறவர். கண்ணாடிபோல் உறைந்திருந்த இடத்தில் கால் வைத்தார். முள்ளங்கி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக நான் மனதார வருந்தினேன். அந்த ஒரு முறை.

டாக்டர் குரோஇவா வந்து தொட்டுப் பார்த்து, "கீழ்க்கால் எலும்பு. பத்து நாளைக்கு வண்டி, ரயில் எதுலயும் ஏறக் கூடாது" என்றார். சகாகிபாராவுக்கு வலியைவிடத் தங்குகிற செலவுதான் பெரிய கவலை. நல்லவேளையாகப் பனிச்சறுக்குப் பயணக் காப்பீடு எடுத்திருந்தார். படுத்தபடியே கம்பெனிக்குப் பேசினார். டாக்டர் பயணம் கூடாது என்று சொன்னால் கூடுதல் நாட்கள் தங்குவதும் அவர்கள் பொறுப்பு, மனைவி பார்க்க வந்தால் அந்த ரயில் கட்டணமும் அவர்கள் பொறுப்பு என்று அங்கிருந்த பெண் சொன்னாள். போனை வைத்துவிட்டு, "நான் இங்கயே இருக்கலாமாம்" என்றார்.

அதைக் கேட்டதும் என் நெஞ்சில் ஒரு காய் 'டக்' என்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"உங்களுக்கு மாஜோங் தெரியுமா?" என்று கேட்டேன். டாக்டர் இன்னும் கட்டுப் போட்டு முடிக்கவில்லை.

தெரிந்திருந்தது. மினெகிஷி சான், அந்தப் பத்து நாள்! காலைக் கட்டோடு மெத்தைக்குள் நீட்டிவிட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்காரவைப்போம். காலையில் மிசோ சூப், அப்புறம் மாஜோங். மதியம் சுட்ட கொழுக்கட்டை, அப்புறம் மாஜோங். ஓடிப்போக வழியில்லாத மனிதர் எவ்வளவு அருமையான துணை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மனைவி ஊரிலிருந்து வந்தாள். ஒரு மாலை எங்களோடு உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டாள். "நீங்க இருங்க. நான் போய் வீட்டப் பாக்கறேன்" என்று கணவரிடம் சொன்னாள். எவ்வளவு பொறுப்பான பெண். பத்தாம் நாள் வண்டி ஏறும்போது சகாகிபாரா குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று அவரே சொன்னார்.

அவர் போனபிறகு மேற்குத் திசை மறுபடியும் காலி. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு குளியல் தொட்டியைக் கழுவினேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று தெளிவாக வேண்டும். தண்ணீரை ஊற்றியது நான்தான். உறையவைத்தது குளிர். அதன்மேல் ஏறியது அவரவர் கால். பொறுப்பை நியாயமாகப் பங்கு பிரித்தால் என் பங்குக்கு வருவது ஒரு வாளித் தண்ணீர்தான்.

அதோடு எனக்கு ஒரு தர்மம் இருந்தது. காப்பீடு இல்லாத ஒருவரையும் நான் தொட்டதில்லை. விருந்தாளிகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவேன்: "பனிச்சறுக்குக் காப்பீடு எடுத்தாச்சா?" இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது கேள்வி: "மாஜோங் தெரியுமா?" ஒசாகாவிலிருந்து இரண்டு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். இரண்டு பேரும் மாஜோங்கில் புலி என்று சொன்னார்கள், ஆனால் காப்பீடு இல்லை. எனக்கு வாயில் எச்சில் ஊறியது உண்மை. ஆனாலும் அவர்கள் இருந்த நாள் முழுக்கச் வழுக்காமல் இருக்கச் சரிவின் இரண்டு பக்கமும் நானே சாம்பல் தூவினேன். அவர்கள் இறங்கிவரும் நேரத்தில் கீழே நின்று கையைப் பிடித்து இறக்கினேன். "எங்க அம்மாகூட எங்கள இப்படிப் பாத்துக்க மாட்டாங்க" என்றான் ஒருவன். போகும்போது, "அடுத்த தடவ காப்பீடு எடுத்துட்டு வாங்கப்பா" என்று அன்போடு சொல்லி அனுப்பினேன்.

இப்படி வருகிறவர்களை எல்லாம் காப்பீடு எடுக்கவைத்ததற்காகச் சுற்றுலாச் சங்கம் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அதோ, ஊறுகாய்ச் சாடிக்குப் பின்னால் இருக்கிறது. பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக. மேடையில் ஏறி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "விபத்து சொல்லிக்கொண்டு வருவதில்லை" என்று பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிப்ரவரியில் நீகாதாவிலிருந்து தொகிவா அம்மாள் வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், ஒண்டியாகப் பனிச்சறுக்கு வருகிற துணிச்சல்காரி. இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்றாள். "மரத்துக்கு இடப்பக்கமா வாங்க, அது குறுக்கு வழி" என்று சொல்லி அனுப்பினேன். வந்தாள். முழங்கால். இரண்டு வாரம்.

அதற்கடுத்தவர் பிரெண்டன் என்கிற ஆஸ்திரேலியாக்காரர். ஆறரை அடி ஆள், என்னை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு வளையவருவார். அவருக்கு மாஜோங் தெரியாது. ஆனால் "கத்துக்க ஆசை" என்றார். ஆசை இருந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவர் எடுத்திருந்தது வெறும் பயணக் காப்பீடு. பெட்டி தொலைந்தால் உண்டு, விமானம் தாமதமானால் உண்டு, பனிச்சறுக்கில் காலை உடைத்துக்கொண்டால் ஒன்றும் கிடையாது. பனிக்கால விளையாட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டுமாம், சேர்க்காமலே மலை ஏறியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்பா, ஊர் விட்டு ஊர் வந்து உனக்கு ஏதாச்சும் ஆனா யார் பாப்பாங்க? இப்பவே போனப் போடு" என்று பக்கத்தில் நின்று சேர்க்கவைத்தேன். மறுநாள் காலையிலிருந்துதான் செல்லும் என்றார்கள். அன்று சாயங்காலம் அவர் இறங்கி வரும்போது நானே போய் இடப்பக்கம் சாம்பல் தூவிவிட்டு வந்தேன். ஒரு மனிதருக்கு நம்மால் நஷ்டம் வரக்கூடாது.

மறுநாள் தண்ணீர் ஊற்றினேன்.

இன்னொன்றும் உண்டு. குடித்துவிட்டு விழுந்தால் காப்பீடு செல்லாது, கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே விழுந்தாலும் செல்லாது. அதனால் நான் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் விழுந்து முடியும்வரை ஒரு சொட்டு சாக்கே ஊற்றியதில்லை. "மத்தவங்களுக்கெல்லாம் குடுக்கறீங்களே" என்று பிரெண்டன் குழந்தைபோல் கேட்டார். "நாளைக்கு ராத்திரி நிறையக் குடிக்கலாம்" என்றேன். குடித்தார். வலிக்கு நன்றாகக் கேட்டது. தேவதாரு மரமும் கயிற்றுக்கு உட்பக்கம்தான். போன அக்டோபரில் இசாமு கயிறு கட்டும்போது மரத்தை வெளியே விடப் பார்த்தார், எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை, உள்ளே சேர்க்கச் சொன்னேன். நல்லதற்குச் சில காரியங்கள் தானாக அமையும்.

தப்பே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று செய்தேன். சைதாமாவிலிருந்து மினோரி என்று ஒரு பெண் வந்தாள். காப்பீடு இருந்தது, மாஜோங்கும் தெரியும். பார்த்தால் ஒற்றைப் பலகைக்காரி, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு போகிற ரகம். பலகை எதுவானால் என்ன என்று இருந்துவிட்டேன். அதுதான் பிசகு. இரட்டைக் கட்டையில் சறுக்குகிறவர்கள் விழுந்தால் கால் போகும். ஒற்றைப் பலகைக்காரர்கள் விழும்போது கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போகும். அவளுக்கு இரண்டு மணிக்கட்டும் போயிற்று. காயைப் பிடிக்க முடியாது, அடுக்க முடியாது. அவள் கண்ணால் காட்ட, நான் எடுத்துவைக்க வேண்டியிருந்தது. அவள் காயெல்லாம் எனக்குத் தெரிந்துவிடுகிறது, அப்படி ஆடுவது ஆட்டமா? போதாக்குறைக்கு அவள் கால் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் கையிரண்டையும் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை அவளே நடந்துபோய்விட்டாள். நடந்தாள் என்று சொன்னேன், இசாமு பார்த்ததில் ஓடினாளாம். அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். வீணாய்ப் போனாள்.

அதன்பிறகு ஒற்றைப் பலகையோடு வந்தவர்களை வலப்பக்கமே அனுப்பினேன்.

டாக்டரையும் இசாமுவையும் இதில் இழுக்க வேண்டாம். அவர்கள் இங்கேயே உட்கார்ந்திருப்பதால் சொல்லவில்லை, உண்மையாகவே அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. பிரெண்டனுக்குக் கட்டுப் போட வந்த அன்று, டாக்டர் கட்டு மாவைக் குழைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கினுயோ சான், இருவத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல கட்டுப் போடறேன். மேட்டுல விழறவன் இடது காலயும் ஒடச்சுக்குவான், வலது காலயும் ஒடச்சுக்குவான். உங்க கொல்லையில விழறவங்க மட்டும் இடது காலயே ஒடச்சுக்கறாங்க."

"வலது கால்ல பலம் ஜாஸ்தியா இருக்கும்" என்றேன்.

"எல்லாருக்குமா?"

"அப்படித்தான் இருக்கணும், டாக்டர்."

அவர் வெகுநேரம் குழைத்துக்கொண்டே இருந்தார். மாவு இறுகிவிடும்போல் இருந்தது. "நான் சத்தியம் பண்ணிட்டு வைத்தியத்துக்கு வந்தவன்" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சாச் சரி." கையைத் துடைத்தார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். "இவன் போனப்புறம் அடுத்த வாரம் யாராச்சும் வர்றாங்களா?"

இசாமுவோடு அவ்வளவு பேச்சுக்கூட இல்லை. காலையில் சரிவில் சாம்பல் தூவுவது அவர் வேலை. ஒருநாள் வந்து, "இடப்பக்கம் வழுக்குதே, சாம்பல் போடவா?" என்றார். "சாம்பல் குறைவா இருக்கு, இசாமு சான்" என்றேன். "ரெண்டு மூட்ட கெடக்கே" என்றார். "குறைவாத்தான் இருக்கு" என்றேன். தலையைச் சொறிந்தார். "ஆமா, குறைவாத்தான் இருக்கு" என்று போய்விட்டார். அப்படிப்பட்ட மனிதர்கள் அமைவது கொடுப்பினை.

பிறகு நீங்கள் வந்தீர்கள்.

உங்களை நான் சந்தேகப்படவேயில்லை. புத்தம்புதுப் பூட்ஸ், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத தொப்பி. பனிச்சறுக்குக்குப் புதுசு போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். "காப்பீடு எடுத்தாச்சா?" என்று நான் கேட்டதும் சிரித்துச் சிரித்துப் புரையேறியது உங்களுக்கு. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. "மாஜோங் தெரியுமா?" என்றதும் உங்கள் முகம் கொஞ்சம் வெளுத்தது. "காலேஜ்ல ஆடியிருக்கேன்" என்றீர்கள். டாக்டர் கையிலிருந்த கொழுக்கட்டை நழுவிக் கிண்ணத்தில் விழுந்தது. அன்றிரவு நான் மனம் நிறைந்து குளியல் தொட்டியைக் கழுவினேன்.

மறுநாள் நீங்கள் சறுக்கக்கூட இல்லை. கையில் கேமராவோடு கொல்லைப்பக்கம் வந்து சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அந்த மரத்துக்கு இடப்பக்கம் நின்னா மலை நல்லாத் தெரியும்" என்று ஜன்னலைத் திறந்து சொன்னது நான்தான். மலையும் நன்றாகத் தெரியும், அதில் பொய் இல்லை. கணுக்கால். நீங்கள் கத்தவேயில்லை, "ஐயோ, நானுமா" என்று மட்டும் சொன்னீர்கள். ஆண்பிள்ளை என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று இசாமு இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதோ ஒன்பது நாளாக மேற்குத் திசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கால் மரத்துப்போனால் சொல்லுங்கள், அடியில் இன்னொரு தலையணை வைக்கிறேன். கணப்புச் சூடு போதுமா? வெளியே பனி கொட்டுகிறது. சாலையை மூடிவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னான். நாளைக்கும் திறக்கமாட்டார்கள். அதனால் அவசரம் ஒன்றும் இல்லை.

இவ்வளவுதான். இதில் நான் எதையும் மறைக்கவில்லை. குற்றம் என்று நீங்கள் சொன்னால் குற்றம்தான், உங்கள் தொழில் அது. என்னைக் கேட்டால், பெரிய பெரிய ஊர்களிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருகிறவர்கள், வந்த இடத்திலும் மேலே ஏறிக் கீழே இறங்கிக் கொண்டிருக்கிறவர்கள். அவர்களைப் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டு, மனிதரோடு மனிதராகப் பத்து நாள் இருக்கவைத்தேன். உள்ளூரக் கால்வலியைவிட நன்றியைத்தான் அவர்கள் அதிகம் உணர்ந்திருப்பார்கள். இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு எலும்பு அதிகமில்லை என்று அவர்களே உங்களிடம் சொல்லியிருப்பார்களே?

ஏன் அப்படி வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறீர்கள்?

என்ன? காலைப் பற்றி நீங்கள் கேட்கவேயில்லையா?

கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள், மினெகிஷி சான். கம்பெனியில் யாருக்கும் கால்களைப் பற்றிச் சந்தேகமே வரவில்லையா? பனியில் சறுக்கினால் கால் உடையத்தானே செய்யும் என்று எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டார்களா? தண்ணீர் விஷயம் நான் இப்போது சொல்லித்தான் உங்களுக்கே தெரியுமா? அட. அப்படியானால் இந்தக் குளிரில் உங்களை எதற்காக அனுப்பினார்கள்?

மன உளைச்சலுக்கா?

யார் கேட்டது? சகாகிபாராவா? "ஒடஞ்ச காலுக்குக் குடுத்தது சரி, அந்த அம்மாகூட மாஜோங் ஆடுனதுக்கு என்ன குடுப்பீங்க" என்று அவரா கேட்டார்? அழுதுகொண்டு போனாரே? பிரெண்டனுமா? "அம்மா, அம்மா" என்று கூப்பிட்ட பிள்ளை, இப்போது மாஜோங் பெட்டியைக் கண்டாலே கை நடுங்குகிறது என்று டாக்டர் சீட்டு வாங்கி அனுப்பியிருக்கிறாரா? மூன்றே நாள் இருந்த மினோரி, கை ரெண்டும் போனதுதான் தான் செய்த புண்ணியம் என்றாளா? சரி, அவளை விடுங்கள். தொகிவா அம்மாள்? "அவங்க ஒரு காய எடுத்து வைக்கறதுக்குள்ள எனக்கு எலும்பே ஒட்டிருச்சு" என்று தொகிவா அம்மாளா சொன்னாள்? பாட்டு டீச்சர் வாயில் வருகிற பேச்சா இது?

உளைச்சலுக்கெல்லாம் கொடுக்க வழியில்லை என்று கம்பெனி கையை விரித்தும், ஒரே விடுதியைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி கதறுவதால், நேரில் போய் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று உங்களை அனுப்பினார்களாக்கும். நீங்களும் ஒன்பது நாள் ஆடிப் பார்த்துவிட்டீர்கள். அப்புறம்?

அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மையா?

டாக்டர், நீங்கள் ஏன் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்குகிறீர்கள்? இசாமு சான், தூங்கியது போதும், எழுந்திருங்கள். இந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

மினெகிஷி சான், என் மனதை நோக அடித்துவிட்டீர்கள். இந்தப் பனிக்காலம் முழுக்க ஒருவரும் என்னிடம் இவ்வளவு கொடுமையாக நடந்துகொண்டதில்லை. தண்ணீர் ஊற்றினேன், எழுதிக்கொள்ளுங்கள். குறுக்கு வழி என்று பொய் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கணுக்காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போலீஸைக் கூப்பிடுங்கள், அந்தக் கான்ஸ்டபிள் ஓரளவு மாஜோங் ஆடுவார் என்று கேள்வி. எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். ஆனால் நான் மெதுவாக ஆடுகிறேன் என்று ஒரு வரி இருந்தாலும் அதில் என் கை படாது. அது அபாண்டம். அறுபத்தோரு வயசில் நான் ஒரு ஜீவனைக் காக்கவைத்ததில்லை.

தெரியும், என் முறைதான். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் என் முறைதான். கொஞ்சம் பொறுங்கள், எந்தக் காயைப் போடுவது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.